பழைய கேஸ் வெல்டிங் டார்ச்: வேலைக்கு எது, அலமாரிக்கு எது

கேஸ் வெல்டிங் டார்ச் என்பது ஆக்சிஜனையும் அசிட்டிலீனையும் கலந்து எரித்து உலோகத்தை உருக்கி இணைக்கும் கைக்கருவி. சுமார் 1930களில் தொடங்கி 1960கள் வரை செய்யப்பட்ட அதன் சிறிய ரகங்கள், மெல்லிய தகட்டு வேலைக்கும் சிறு குழாய் வேலைக்கும் இன்றைக்கும் நம்பிக் கையில் எடுக்கத் தகுந்தவை என்பதே என் மதிப்பீடு. அதே காலத்துப் பெரிய பட்டறை டார்ச்சுகளைப் பற்றி அவ்வளவு தாராளமாகச் சொல்ல முடியவில்லை. அவை பார்வைக்கு அழகானவை, ஆனால் சிறிது நேரம் பிடித்து வேலை செய்தாலே மணிக்கட்டு சலித்துவிடும். கார்பைடில் தண்ணீர் விட்டு அசிட்டிலீன் உண்டாக்கிய ஜெனரேட்டர் காலத்து இன்ஜெக்டர் டார்ச்சுகள் மூன்றாவது வகை. அவற்றை வாங்கலாம், பிரித்துப் பார்த்து அமைப்பைக் கற்றுக்கொள்ளலாம். அன்றாட வேலைக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கிய ஒவ்வொன்றையும் பிரித்துச் சுத்தம் செய்து, கசிவு சோதித்து, மேசையில் வேலை வாங்கிப் பார்த்த பிறகு எழுதும் மதிப்பீடு இது என்பதால், உடலில் பொறித்திருக்கும் பெயரைவிட வால்வின் நடத்தைக்கே இதில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இந்த மூன்று வகைகளும் எப்படி உருவாயின என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்குவது வீண் செலவில் முடியும். அமெரிக்காவில் தாமஸ் வில்சன் 1892இல் வேறொன்றைத் தேடி மின் உலையை இயக்கியபோது கால்சியம் கார்பைடு கிடைத்தது. அதன்மேல் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு வெளிப்படும். பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி லெ ஷாத்தெலியே, ஆக்சிஜனோடு சேர்த்து அசிட்டிலீனை எரித்தால் அதுவரை அறியப்பட்ட வாயுச் சுடர்கள் எல்லாவற்றையும்விட அதிக வெப்பம் கிடைக்கிறது என்று 1895இல் அறிவித்தார். அந்த வெப்பம் சுமார் 3,100 டிகிரி செல்சியஸுக்கும் மேல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எட்மண்ட் ஃபூஷே, ஷார்ல் பிக்கார் ஆகிய இருவரின் முயற்சியால் பட்டறையில் பிடித்து வேலை செய்யத்தக்க டார்ச் வந்தது. அப்போது பெரும்பாலான பட்டறைகளில் அசிட்டிலீன் ஜெனரேட்டரிலிருந்தே வந்தது. அந்த வாயுவுக்குத் தானாகக் குழாய்க்குள் பாய்ந்து வரும் அளவுக்கு அழுத்தம் கிடையாது. அசிட்டோனில் கரைத்து, நுண்துளைப் பொருள் நிரப்பிய சிலிண்டரில் அடைத்த அசிட்டிலீன் பரவலான பிறகுதான் அந்தக் குறை நீங்கியது. டார்ச்சின் உள்ளமைப்பு இந்த ஒரு வேறுபாட்டை ஒட்டியே இரண்டாகப் பிரிந்தது.

இன்ஜெக்டர் முறையில், அதிக அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் ஒரு நுண்ணிய துளை வழியாகப் பீறிட்டுச் செல்லும்போது, அசிட்டிலீனைத் தன்னோடு உறிஞ்சி இழுத்துக்கொண்டு போகிறது. கையில் கிடைத்த டார்ச் இந்த வகைதானா, இன்னும் சரியாக வேலை செய்கிறதா என்று அறிய ஒரு பழைய சோதனை உண்டு. அசிட்டிலீன் ஹோஸைக் கழற்றிவிட்டு, டார்ச்சின் இரு வால்வுகளையும் திறந்து, ஆக்சிஜனை மட்டும் செலுத்த வேண்டும். அசிட்டிலீன் நுழையும் வாயைச் சுத்தமான கட்டைவிரலால் மூடினால் விரலின் சதை உள்ளே இழுபடுவது தெரிய வேண்டும். இழுக்காமல் ஆக்சிஜன் வெளியே தள்ளினால் நாசிலோ (சுடர் வெளிவரும் முனை) இன்ஜெக்டரோ அடைத்திருக்கிறது, அல்லது இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் அதைப் பற்றவைக்கவே கூடாது. ஐரோப்பாவில் இன்றைக்கும் புதிய டார்ச்சுகள் இன்ஜெக்டர் முறையிலேயே செய்யப்படுகின்றன என்பதால் முறையின்மேல் எனக்குக் குற்றச்சாட்டு இல்லை. ஆனால் என்னிடம் உள்ள, பெயர் அழிந்துபோன பழைய இன்ஜெக்டர் டார்ச்சில் நாசில் சூடேற ஏற உறிஞ்சும் திறன் குறைந்து, சுடர் மெல்ல ஆக்சிஜன் மிகுந்ததாக மாறிவிடுகிறது. வேலையின் நடுவே அடிக்கடி அசிட்டிலீன் வால்வைத் தொட்டுத் திருத்த வேண்டியிருப்பதால், நீளமான இணைப்புக்கு அது ஒத்துவரவில்லை.

சம அழுத்த முறை இதைவிட எளிமையானது. இரண்டு வாயுக்களும் ஏறத்தாழ ஒரே அழுத்தத்தில் வந்து கலப்பறையில் சேர்கின்றன. சிறிய நாசில்களுக்கு ஒவ்வொன்றும் 0.2 முதல் 0.35 பார் வரை இருந்தாலே போதும். அமெரிக்காவில் செய்யப்பட்ட சிறிய டார்ச்சுகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. இதில் உள்ள ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும்: நாசில் அடைத்துக்கொண்டால், அழுத்தம் கூடிய வாயு மற்றதன் ஹோஸுக்குள் பின்னோக்கிப் போக வழி இருக்கிறது. பழைய டார்ச்சுகளில் அதைத் தடுக்கும் ஒருவழி வால்வு உள்ளமைப்பாக இருப்பதில்லை. இதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

பெயர்களைப் பொறுத்தவரை, சேகரிப்பவர்கள் தேடும் பட்டியல் நீளமானது. விக்டர், ஸ்மித், ஹாரிஸ், ஏர்கோ, மெகோ ஆகியவை அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஆக்ஸ்வெல்டு, பியூராக்ஸ் என்ற பெயர்கள் லிண்டே நிறுவனத்தின் வழியாக யூனியன் கார்பைடு குடும்பத்தைச் சேர்ந்தவை. பிரெஸ்ட்-ஓ-லைட் 1904இல், கார்களுக்கு அசிட்டிலீன் விளக்கு வாயு விற்பதற்காக இண்டியானாபொலிஸ் நகரில் கார்ல் ஃபிஷர், ஜேம்ஸ் ஆலிசன் ஆகியோர் தொடங்கிய வணிகம். அதே இருவரும் பின்னர் 1909இல் அந்த நகரின் புகழ்பெற்ற கார்ப் பந்தயத் திடலை அமைத்தவர்களுள் இருந்தார்கள். லிண்டேயும் பிரெஸ்ட்-ஓ-லைட்டும் 1917இல் யூனியன் கார்பைடு அண்ட் கார்பன் கார்ப்பரேஷனுக்குள் சேர்க்கப்பட்டன. ஆகவே அந்தப் பெரும் நிறுவனத்தின் பெயர் பொறித்த டார்ச் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. காலத்தைக் கணிக்க இப்படிப்பட்ட பொறிப்புகள் உதவும்; தரத்தைக் கணிக்க உதவாது.

சிறிய டார்ச்சுக்கு வருகிறேன். சந்தையில் இவற்றை ஏரோபிளேன் டார்ச், ஏவியேஷன் டார்ச் என்று குறிப்பிட்டு விற்கிறார்கள். முதல் உலகப் போர்க் காலத்திலேயே ஃபோக்கர் விமானங்களின் உடற்சட்டம் எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்து கட்டப்பட்டது. பிறகு குரோமோலி எனப்படும் 4130 ரக எஃகுக் குழாய் விமானத் தொழிலில் நிலைபெற்றபோது, சுவர்த் தடிமன் 1 மில்லிமீட்டரைச் சுற்றியிருந்த குழாய்களின் சந்திப்புகளுக்குள் கையை நுழைத்து நாள் முழுவதும் வேலை செய்யத்தக்க இலகுவான டார்ச் தேவைப்பட்டது. அந்தத் தேவைக்காகச் செய்யப்பட்டவை என்பதால் அவற்றின் கைப்பிடி மெல்லியது, உள்ளே உள்ள குழாய்கள் சிறியவை, ஹோஸ் மாட்டும் நட்டும் பெரிய டார்ச்சில் உள்ளதைவிடச் சிறியது. வழக்கமான 9/16 அங்குல மரைக்குப் பதிலாக 3/8 அங்குல மரை கொண்ட நட்டு இவற்றில் இருக்கும். அதற்கேற்ற 3/16 அங்குல உள்விட்டமுள்ள மெல்லிய ஹோஸை மாட்டும்போதுதான் இந்தக் கருவியின் முழு அருமையும் தெரியவரும். தடித்த ஹோஸை மாற்று இணைப்பு வைத்து மாட்டினால், அதன் விறைப்பே கையைத் திருப்பிவிடுகிறது.

கையில் பேனா பிடிப்பதுபோல இதைப் பிடிக்கலாம். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வால்வு. நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய சிறிய டார்ச்சின் ஆக்சிஜன் வால்வைத் திருகும்போது, வாயுவின் வழியை மூடித் திறக்கும் ஊசியின் சரிவு நீளமாக இருப்பதால், கால் சுற்றுக்கும் குறைவான அசைவுக்குள்ளேயே சுடரின் மாற்றத்தைப் படிப்படியாகக் கண்ணால் பின்தொடர முடிகிறது. அசிட்டிலீனை மட்டும் பற்றவைத்தால் மஞ்சள் சுடரின் நுனியிலிருந்து மசி பறக்கும். மசி நிற்கும் அளவுக்கு வாயுவைக் கூட்டிய பின் ஆக்சிஜனைத் திறந்தால், வெளிச்சமான உள்கூம்பும் அதைச் சுற்றி வெளிறிய இறகு போன்ற இரண்டாவது கூம்பும் தோன்றும். ஆக்சிஜனை மேலும் கூட்டக் கூட்ட இறகு உள்நோக்கிச் சுருங்கி, உள்கூம்போடு ஒன்றிவிடும் அந்தக் கணத்தில் கிடைப்பதுதான் நடுநிலைச் சுடர். அதற்கு மேலும் திறந்தால் கூம்பு குட்டையாகி, கூர்மையடைந்து, சீறத் தொடங்கும். அது எஃகுக்கு ஆகாது. புதிதாக வாங்கிய, பெயர் சொல்ல விரும்பாத ஒரு மலிவு டார்ச்சில் இறகு மறைவதற்கும் சீறல் தொடங்குவதற்கும் இடையே விரல் நிற்க இடமே இல்லை, தொட்டால் தாண்டிவிடுகிறது. நல்ல பழைய டார்ச்சில் அந்த இடைவெளிக்குள் நிதானமாக நிறுத்திவைக்கலாம். மெல்லிய தகட்டில் வேலை செய்பவருக்கு இந்த ஒரு குணத்துக்காகவே பழையதைத் தேடலாம்.

வேலையில் இது எப்படி வெளிப்படுகிறது என்று பார்ப்போம். 1 மில்லிமீட்டர் எஃகுத் தகடுகள் இரண்டை விளிம்போடு விளிம்பாகச் சேர்த்து, சுமார் 0.7 மில்லிமீட்டர் துளையுள்ள நாசிலால் அங்கங்கே சிறு புள்ளிகளாக ஒட்டி, பிறகு தொடர்ச்சியாக இணைக்கும்போது, உருகிய உலோகம் குண்டூசித் தலையளவு சிறு குளம்போலக் கூம்பின் நுனிக்கு முன்னால் நகர்ந்து வருகிறது. விளிம்புகள் இடைவெளியின்றிப் பொருந்தியிருந்தால் இணைப்பை நிரப்பும் ஃபில்லர் கம்பி மிகக் குறைவாகவே வேண்டியிருக்கும். இப்படிச் செய்த இணைப்பு, கம்பி ஊட்டும் மின்வெல்டிங் இணைப்பைவிட மென்மையானது. சுற்றியுள்ள பரப்பும் சூடேறி மெதுவாக ஆறுவதால் இணைப்பு கடினப்படுவதில்லை. சுத்தியலையும் தாங்குகட்டையையும் வைத்துத் தட்டினால் விரிசல் விடாமல் விரிந்து தட்டையாகிறது. பழைய கார்களின் உடல்தகட்டைச் சீரமைப்பவர்களும், கையால் தட்டிக் கிண்ணமோ சிற்பமோ வடிப்பவர்களும் கேஸ் வெல்டிங்கை இன்னும் விடாமல் வைத்திருப்பதற்கு இது முக்கியமான காரணம். மறுபக்கமாக, வெப்பம் பரவுவதால் தகடு அதிகமாக வளையும் என்பதையும் மறைக்கக்கூடாது. தட்டி நேராக்கும் பொறுமையோ, பின்பக்கம் கையை நுழைக்க வழியோ இல்லாத இடத்தில் இந்த மென்மையால் பயனில்லை.

அலுமினியத்துக்கும் இதே சிறிய டார்ச்சைப் பயன்படுத்தலாம். நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரஸல் மெரெடித் 1940களின் தொடக்கத்தில் டங்ஸ்டன் முனையையும் ஹீலியம் வாயுவையும் வைத்து மின்வெல்டிங் முறையை உருவாக்கும் வரை, விமான எரிபொருள் தொட்டிகளும் மெல்லிய அலுமினிய உறைகளும் கேஸ் சுடராலேயே இணைக்கப்பட்டன. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், ஆனால் உருகும் முன் நிறம் மாறாது. போதாக்குறைக்கு, உலோகப் பரப்பின் ஆக்சைடை நீக்கப் பூசும் ஃபிளக்ஸிலுள்ள சோடியம் எரியும்போது எழும் ஆரஞ்சு வெளிச்சம் உருகும் இடத்தையே மறைத்துவிடும். அந்த வெளிச்சத்தை வடிகட்டும் சிறப்புக் கண்ணாடி இல்லாமல் இதில் இறங்கிப் பயனில்லை. எஃகு வேலைக்கு அணியும் வழக்கமான 5ஆம் எண் பச்சைக் கண்ணாடி இங்கே போதாது. வேலை முடிந்ததும் ஃபிளக்ஸை வெந்நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அது உலோகத்தை அரித்துவிடும். அலுமினியத் தகட்டை மென்மைப்படுத்தும் பழைய உத்தியும் இந்த டார்ச்சுக்கு நன்றாக அமைகிறது: ஆக்சிஜன் குறைந்த சுடரால் தகட்டின்மேல் மசியைப் பூசி, பிறகு நடுநிலைச் சுடரின் வெளிப்பகுதியை மெல்ல நகர்த்தி அந்த மசி மறையும் வரை மட்டும் சூடேற்றினால், தகடு வளைக்கத் தகுந்த பதத்துக்கு வந்துவிடும்.

பெரிய பட்டறை டார்ச்சைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. தடித்த எஃகை வளைப்பதற்குச் சூடேற்றவும், துருப்பிடித்து இறுகிய நட்டைத் தளர்த்தவும், வார்ப்பிரும்பை உருக்காமல் வெண்கலக் கம்பியை மட்டும் உருக்கி ஒட்டும் பிரேஸிங் செய்யவும் அது நன்றாகவே உழைக்கிறது. ஆனால் அந்த வேலைகளை இன்றைய டார்ச்சும் அதே அளவுக்குச் செய்யும். அதற்கு உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும், ஒருவழி வால்வும் பல மாடல்களில் உள்ளேயே இருக்கும். பழையதை வாங்குவதற்கு அழகைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை. அழகும் ஒரு காரணம்தான் என்று நினைப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

வாங்கும்போது பலரும் கைப்பிடியைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். நாசிலைப் பார்த்து முடிவெடுப்பதே சரி. ஒரு நிறுவனத்தின் நாசில் இன்னொரு நிறுவனத்தின் கைப்பிடியில் பொருந்துவதில்லை; சில நேரம் ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கிடையிலேயே மரையும் அமர்விடத்தின் சரிவும் மாறுபடுகின்றன. எண்களும் பொதுவானவை அல்ல. விக்டர் அட்டவணையில் 00 என்ற நாசிலின் துளை 70ஆம் எண் துளைக்கம்பியின் அளவு, அதாவது சுமார் 0.71 மில்லிமீட்டர், 0 என்பது 65ஆம் எண், சுமார் 0.89 மில்லிமீட்டர். மற்றொரு நிறுவனத்தின் 0 இதே அளவில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே நாசிலின் எண்ணைக் கேட்டு வாங்காமல், துளையின் விட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கலப்பறை எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சில டார்ச்சுகளில் அது கைப்பிடியில் பொதுவாக இருக்கும். வேறு சிலவற்றில் ஒவ்வொரு நாசில் தண்டின் அடியிலும் தனித்தனியாக இருக்கும். இரண்டாவது வகையில் நாசிலை மட்டும் தேடிப் பெறுவது கடினம், ஆனால் ஒவ்வொரு துளைக்கும் ஏற்ற கலப்பறை அதனோடேயே வருவதால் சுடர் சீராக இருக்கும். விக்டர், ஸ்மித், ஹாரிஸ் ஆகிய பெயர்கள் இன்னும் விற்பனையில் இருப்பதால் அவற்றின் சில பழைய சிறிய மாடல்களுக்கு நாசில் கிடைக்கிறது; மெகோவின் மிட்ஜெட் என்ற சிறிய டார்ச்சுக்கும் விமானத் தகட்டு வேலை செய்பவர்களிடையே தேவை குறையாததால் நாசில் தேடுவது அவ்வளவு சிரமமில்லை. பெயர் தெரியாத ஒரு டார்ச் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும், அதனோடு குறைந்தது இரண்டு அளவு நாசில்கள் சேர்ந்து வந்தால் மட்டுமே அது கருவி, இல்லையேல் காட்சிப்பொருள்.

நாசிலின் முகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். துளையின் விளிம்பு கூர்மையாகவும் வட்டமாகவும் இருப்பது நல்லது. சுத்தம் செய்யும் அரக்கம்பியை முரட்டுத்தனமாக ஆட்டி ஆட்டி உள்ளே விட்டவர்களின் கைவரிசையால் பல நாசில்களின் வாய் புனல்போல விரிந்திருக்கும். அப்படிப்பட்ட நாசிலில் கூம்பு ஒருபக்கமாகச் சாயும் அல்லது இரண்டாகப் பிளக்கும். விரிவு ஆழமாக இல்லாவிட்டால், முகத்தை நுண்ணரத்தால் செங்குத்தாகத் தேய்த்துச் சேதமடைந்த பகுதியை நீக்கி, சரியான அளவுக் கம்பியை நேராக விட்டு எடுத்தாலே போதும். செம்பு இளகிய உலோகம் என்பதால் வேலை விரைவில் முடிந்துவிடும்.

அடுத்தது ஊசி. வால்வைக் கழற்றி ஊசியின் சரிவான பகுதியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், அமர்விடத்தைத் தொடும் இடத்தில் மெல்லிய பளிச்சென்ற வளையம் தெரியும். அந்த வளையம் முழுவதுமாக, ஒரே அகலத்தில், நகத்தில் தட்டுப்படாமல் இருந்தால் வால்வு நன்றாக மூடும். நகத்தில் படிபோலத் தட்டுப்பட்டால், முன்பு வைத்திருந்தவர் மூடும்போதெல்லாம் முழு பலத்தோடு முறுக்கியிருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம். அப்படி ஆன ஊசியை மாற்றினாலும், பித்தளை உடலில் உள்ள அமர்விடமும் நசுங்கியிருந்தால் கசிவு நிற்காது. விற்பவரிடம் படம் கேட்கும்போது வெளித்தோற்றத்தின் படத்தைவிட, நாசில் அமரும் சரிவின் படத்தையும் ஊசியின் படத்தையும் கேட்பது பலன் தரும். அந்தப் படத்தைத் தர மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பதும் ஒரு சேமிப்பே.

பளபளப்பைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் இது. விற்பனைக்கு வரும் பழைய டார்ச்சுகளில் பல, மெருகுச் சக்கரத்தில் பிடித்துக் கண்ணாடிபோல ஆக்கப்பட்டவை. மெருகுக் கட்டிகளில் கொழுப்பும் மெழுகும் கலந்திருக்கும்; அவை ஆக்சிஜன் செல்லும் வழிக்குள் புகுந்துவிட்டால் அதைவிட மோசமான பொருள் வேறில்லை. அழுத்தமான ஆக்சிஜனில் எண்ணெயும் கொழுப்பும் மிக எளிதில் தீப்பிடித்து, வெடிப்பதுபோல எரியும். ஆகவே மெருகேற்றப்பட்ட டார்ச்சை முழுவதும் பிரித்து, வெந்நீரிலும் சோப்புத்தூள் கரைசலிலும் ஊறவைத்து, குழாய்களுக்குள் கரைசல் ஓடும்படி கழுவி, நன்றாக அலசி, எண்ணெய் இல்லாத நைட்ரஜனால் உலர்த்த வேண்டும். பட்டறைக் கம்ப்ரெசரின் காற்றில் எண்ணெய்த் துளிகள் வரும் என்பதால் அதைப் பயன்படுத்தக்கூடாது. மரைகள் இறுக்கமாக இருக்கின்றன என்று எண்ணெய் விடுவதும் கூடாது. கருத்துப்போன, யாரும் தொடாத டார்ச் எனக்கு மெருகேற்றியதைவிட நம்பிக்கை தருகிறது.

வால்வுத் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங் மிகப் பழைய டார்ச்சுகளில் ஆஸ்பெஸ்டாஸ் நாராக இருக்கலாம். அதை உலர்ந்த நிலையில் சுரண்டி ஊதாமல், நனைத்து எடுத்து, பையில் கட்டி அகற்றிவிட்டு, ஆக்சிஜனுக்கு ஏற்ற டெஃப்லான் பேக்கிங்கைச் சுற்றினால் வால்வின் அசைவும் மென்மையாகிறது. ஓ-ரிங் உள்ள மாடல்களில் அவற்றை யோசிக்காமல் மாற்றிவிடலாம், ஆனால் அந்தந்த வாயுவுக்கு உகந்த ரப்பரில். உள்குழாய் சேதமாகியிருந்தால் செம்புக் குழாய் வைத்து ஒட்டலாம் என்று சிலர் யோசிப்பதுண்டு; அது கூடவே கூடாது. அசிட்டிலீன் செம்போடு தொடர்ந்து தொடர்பில் இருந்தால் வெடிக்கும் தன்மையுள்ள காப்பர் அசிட்டிலைடு உருவாகும். அசிட்டிலீன் செல்லும் பாகங்களில் செம்பின் பங்கு 65 முதல் 70 விழுக்காட்டுக்கு மேற்படக்கூடாது என்ற விதி இதனால்தான் வந்தது. நாசில் செம்பாக இருப்பது வேறு விஷயம். அங்கே அசிட்டிலீன் தேங்கி நிற்பதில்லை, ஆக்சிஜனோடு கலந்து ஓடிக்கொண்டே இருக்கிறது.

சேர்த்து முடித்ததும் தண்ணீர்ச் சோதனை. வால்வுகளை மூடி, நைட்ரஜனை 1 பார் அழுத்தத்தில் இரு நுழைவாய்களிலும் செலுத்தி, சுத்தமான தண்ணீருக்குள் டார்ச்சை முழுதாக மூழ்கவைத்தால், குமிழி எங்கிருந்து வருகிறதோ அங்கே குறை. நாசிலிலிருந்து வந்தால் ஊசி மூடவில்லை. தண்டைச் சுற்றி வந்தால் பேக்கிங் சரியில்லை. பிறகு நாசிலின் வாயை அடைத்து, வால்வுகளைத் திறந்து வைத்தால் கலப்பறை இணைப்புகளின் நிலையும் தெரிந்துவிடும். இந்தச் சோதனையில் தேறாத டார்ச்சை அன்றைக்கே ஒதுக்கிவிட வேண்டும்.

டார்ச்சைத் தவிர வேறெதையும் பழையதாக வாங்க நான் சம்மதிக்க மாட்டேன். சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும், அழகான வட்டமுகம் கொண்ட பழைய ரெகுலேட்டர்கள் மனதைக் கவரும் என்பது உண்மை. ஆனால் சிலிண்டரின் முழு அழுத்தத்தையும் தாங்குவது அந்தக் கருவியின் உள்ளே இருக்கும் சிறிய அமர்விடமும் ரப்பர்ச் சவ்வும்தான். அவற்றின் வயதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. அசிட்டிலீன் 1 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் தனி வாயுவாக இருந்தால் தானே சிதைந்து வெடிக்கக்கூடியது என்பதால், அழுத்தத்தைத் தவறாகக் காட்டும் ரெகுலேட்டரை நம்புவது அபாயம். ரெகுலேட்டரும் ஹோஸும் புதியவையாக இருக்க வேண்டும். ரெகுலேட்டர் பக்கத்தில், சுடர் ஹோஸுக்குள் பின்னோக்கிப் பாய்வதை நிறுத்தும் ஃபிளாஷ்பேக் தடுப்பானும், டார்ச் பக்கத்தில் ஒருவழி வால்வும் இருக்க வேண்டும். இரு முனைகளிலும் தடுப்பான் கட்டாயமென்று விதி உள்ள இடங்களில் அதன்படியே செய்ய வேண்டும். டார்ச்சின் வாலில் மாட்டும் கனமான தடுப்பான் சிறிய டார்ச்சின் சமநிலையைக் கெடுக்கிறது என்ற குறை எனக்கும் உண்டு. இலகுவான மாடலைத் தேடிப் பிடிப்பதுதான் அதற்கு வழி.

சிறிய டார்ச்சின் செலவுக் கணக்கு மகிழ்ச்சி தருவது. சிலிண்டரிலிருந்து ஒரு மணி நேரத்தில் அதன் கொள்ளளவில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் அசிட்டிலீனை இழுக்கக்கூடாது என்பது முன்பு இருந்த வழக்கம். மீறினால் உள்ளே இருக்கும் அசிட்டோனும் சேர்ந்து வெளியேறும். பெரிய நாசிலுக்கு இந்த வரம்பு சிறிய சிலிண்டரில் உடனே இடித்துவிடும். 0.7 மில்லிமீட்டர் நாசிலுக்கு வாயு குறைவாகவே வேண்டும் என்பதால், வீட்டுப் பட்டறையில் மிகச் சிறியதல்லாத ஒரு சிறிய சிலிண்டரே போதும்.

காற்றோடு அசிட்டிலீனைக் கலந்து எரிக்கும் பிரெஸ்ட்-ஓ-லைட் வகை டார்ச்சுகளும் இதே சந்தையில் கிடைக்கின்றன. இவற்றுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வேண்டாம். எஃகை வெல்டிங் செய்யப் பயன்படாது. செம்புக் குழாய் ஒட்டுவதற்கும், வெள்ளி கலந்த பிரேஸிங் வேலைக்கும், பாத்திரம் வடிக்கும்போது செம்பைப் பதப்படுத்துவதற்கும் இவற்றின் பரந்த மென்சுடர் மிக இதமானது. வால்வு ஒன்றே என்பதால் பழுதும் குறைவு. அமெரிக்காவில் இன்றும் புழங்கும் சிறிய அசிட்டிலீன் சிலிண்டர்களின் எம்.சி., பி என்ற பெயர்கள் மோட்டார் சைக்கிள் விளக்கு, பேருந்து விளக்கு ஆகியவற்றுக்கான அந்தக் கால அளவுகளிலிருந்து வந்தவை.

பழைய டார்ச்சுகள் பெட்டியோடு வரும்போது, அடியில் அரைகுறையாகத் தீர்ந்த கம்பிகளும் ஃபிளக்ஸ் டப்பாக்களும் கிடப்பது வழக்கம். அவற்றில் வெள்ளி பிரேஸிங் கம்பி இருந்தால் உடனே தனியே எடுத்துவைக்க வேண்டும். பழைய வெள்ளிக் கம்பிகள் பலவற்றில் காட்மியம் கலந்திருக்கும். சூடேற்றும்போது எழும் அதன் புகை நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு, அபாயம் தெரியவரும் முன்பே உயிருக்கு ஆபத்தான அளவு உள்ளே போய்விடக்கூடும். கலவை என்னவென்று எழுதப்படாத கம்பியைக் குப்பையிலும் போடாமல், அபாயக் கழிவாக ஒப்படைத்துவிட்டு, காட்மியம் இல்லாதது என்று உறையில் தெளிவாகக் குறிக்கப்பட்ட புதிய கம்பியை வாங்கிக்கொள்வது நல்லது.